கர்னல் மாறிவிட்டது, பேட்ச் உட்காரவில்லை: எந்த வழியில் போவது?

பெங்களூரில் பீன்யா, பொம்மசந்திரா, எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் லினக்ஸ் போட்ட பெட்டி செய்து விற்கும் சிறு கம்பெனிகள் நிறைய உண்டு. மெஷினிலிருந்து டேட்டா எடுக்கும் கேட்வே, மின்சார மீட்டர் படிக்கும் கருவி, டெஸ்ட் பெஞ்ச் கன்ட்ரோலர் என்று பொருள் எதுவானாலும் உள்ளே போய்ப் பார்த்தால் ஒரே காட்சிதான்: ஒரு பழைய கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி), பக்கத்தில் 'பேட்சஸ்' என்றொரு ஃபோல்டர், அதற்குள் கர்னலில் நாமே செய்த மாற்றங்களாக முப்பது நாற்பது கோப்புகள். எழுதியவர்களில் பாதிப்பேர் இப்போது வேறு கம்பெனியில் இருப்பார்கள். மாற்றத்தோடு எழுதும் குறிப்பில், அதாவது கமிட் செய்தியில், 'ஃபிக்ஸ்' என்ற ஒற்றை வார்த்தைதான் இருக்கும்.

ஒருநாள் வாடிக்கையாளரின் ஐடி பிரிவு ஆடிட் நடத்தி, "உங்கள் பெட்டியில் கர்னல் 5.10 ஓடுகிறது, மாற்றித் தாருங்கள்" என்று மெயில் போடும். 6.12ஐ எடுத்து பேட்ச்களை அதன்மேல் வைத்தால் பாதி உட்காராது. உட்கார்ந்ததில் பாதி கம்பைல் ஆகாது. அப்போதுதான் குழுவுக்குள் வாக்குவாதம் தொடங்கும். பழையதிலேயே இருப்போம் என்பார் ஒருவர். எல்லாவற்றையும் திருத்தி ஏற்றிவிடலாம் என்பார் இன்னொருவர். மூன்றாமவர் டிகேஎம்எஸ் (ட்ரைவரைத் தனியாகப் பிரித்து வைக்கும் கருவி) என்பார், புதிதாகச் சேர்ந்த பையன் ஈபிபிஎஃப் (கர்னல் மூலத்தை மாற்றாமல் அதற்குள் சிறு நிரல் ஏற்றும் வசதி) என்பான். நான்கு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, ஆனால் ஒவ்வொருவர் மனதிலும் இருப்பது குவியலில் உள்ள வேறு வேறு பேட்ச். மொத்தக் குவியலுக்கும் சேர்த்து ஒரே வழியைத் தேடினால் எந்த வழியும் ஒத்துவராது.

ஆகவே இந்தக் கட்டுரையில் ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு பேசுகிறேன். மெஷின் ஷாப்பில் வைக்கும் கேட்வே. ஏஆர்எம் ப்ராசசர் போர்டு, ஆர்எஸ்-485 சீரியல் ஒயர் வழியாக மீட்டர்களோடு பேச மாட்பஸ், கூடவே சிக்னலை எண்ணாக மாற்றும் ஒரு ஏடிசி சிப். இப்போது இருப்பது 5.10, போக வேண்டியது 6.12.

எதனால் உடைகிறது

கர்னல் தனக்கு மேலே ஓடும் நிரல்களிடம் ஒரு மாதிரியும், தனக்குள்ளே இருந்து ஹார்டுவேரை இயக்கும் ட்ரைவர்களிடம் வேறு மாதிரியும் நடந்துகொள்ளும். மேலே ஓடுவதை உடைக்கக் கூடாது என்பதில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் பிடிவாதக்காரர். பத்து வருஷத்துக்கு முன் கம்பைல் செய்த நிரலும் இன்றைய கர்னலில் ஓட வேண்டும். உள்ளே அப்படி எந்த வாக்கும் கிடையாது. தரமாட்டோம் என்பதைக் காரணத்தோடு சொல்லும் ஆவணம் ஒன்றை கர்னல் பராமரிப்பாளர் கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் எழுதி, அது கர்னல் மூலத்தோடேயே வருகிறது. நம் பேட்ச் என்பது வாடகை வீட்டுச் சுவரில் அடித்த ஆணி. வீட்டுக்காரர் சுவரையே இடித்துக் கட்டினால் நம்மைக் கேட்க வேண்டும் என்று ஒப்பந்தம் எதுவும் இல்லை.

ஒன்பது பத்து வாரத்துக்கு ஒரு புதிய கர்னல் வருகிறது. ஒவ்வொன்றிலும் ஏதாவது ஒரு சுவர் இடியும். 5.6ல் 'ப்ராக்' கோப்புகளுக்கான அமைப்பு மாறியது. 5.7ல், மாட்யூல்கள் (கர்னலில் தனியாகச் செருகும் துண்டுகள்) எந்தச் சிம்பலின் (கர்னலுக்குள் உள்ள ஃபங்ஷன் போன்றவற்றின் பெயர்) முகவரியையும் தேடி எடுக்க உதவிய 'கால்சிம்ஸ்' குறுக்குவழியை மூடினார்கள். 6.4ல் 'கிளாஸ் கிரியேட்' ஃபங்ஷனுக்கு ஒரு ஆர்குமென்ட் குறைந்தது. 6.11ல் பிளாட்ஃபார்ம் ட்ரைவரின் 'ரிமூவ்' எதையும் திருப்பித் தராத வகையாக மாறியது. 6.5ல் நடந்தது இன்னும் வேடிக்கை. 32 பிட் ஏஆர்எம்முக்கான டிவைஸ் ட்ரீ கோப்புகள் (போர்டில் என்ன ஹார்டுவேர் இருக்கிறது என்று சொல்பவை) எல்லாவற்றையும் சிப் கம்பெனி வாரியாகத் தனித்தனி ஃபோல்டருக்கு மாற்றினார்கள். ஒரு வரியும் மாறாத கோப்புக்கான பேட்ச்கூட, பாதை மாறியதால் விழுந்தது.

இவையெல்லாம் சத்தம் போட்டு உடைபவை. பேட்ச் உட்காராவிட்டால் ரிஜெக்ட் கோப்பு வரும், கம்பைல் ஆகாவிட்டால் வரி எண்ணோடு எரர் வரும். நேரம் போகும், அவ்வளவுதான். பயப்பட வேண்டியது மூன்றாவது ரகம்: ஒழுங்காக உட்கார்ந்து, வார்னிங் இல்லாமல் கம்பைல் ஆகி, பூட்டும் ஆகி, செய்யும் வேலை மட்டும் தப்பாகிப்போவது.

நம் கேட்வேயின் சீரியல் ட்ரைவர் பேட்சையே பாருங்கள். ஆர்எஸ்-485ல் ஒரே ஜோடி ஒயரில்தான் அனுப்புவதும் வாங்குவதும். கடைசி பைட் ஒயரை விட்டுப் போனதும் ஆர்டிஎஸ் சிக்னலை இறக்கி லைனை விட வேண்டும். சீக்கிரம் இறக்கினால் நாம் அனுப்பும் கடைசி பைட் வெட்டுப்படும், தாமதமாக இறக்கினால் மீட்டரின் பதிலில் முதல் பைட் போகும். இதற்காக யாரோ ஒருவர் ட்ரைவரின் அனுப்பும் பகுதியில் கை வைத்து பேட்ச் எழுதியிருப்பார். 6.10ல், சீரியல் அடுக்கில் அனுப்புவதற்கான பஃபரைப் பழைய வட்ட பஃபரிலிருந்து கேஃபிஃபோ என்ற பொது வரிசை அமைப்புக்கு மாற்றினார்கள். பேட்சில் அந்தப் பஃபரைத் தொடும் வரி கம்பைல் ஆகாது. நல்லது, கண்ணில் பட்டுவிடும்.

அதே பேட்சில் இன்னொரு வரி போர்ட்டின் ஸ்பின்லாக்கை (ஒரே நேரத்தில் இருவர் கை வைக்காமல் தடுக்கும் பூட்டை) நேரடியாகப் பிடிக்கும். 6.7ல் அதற்கென்று 'யுஏஆர்டி போர்ட் லாக்' என்ற உறை ஃபங்ஷன் வந்து, மெயின்லைனில் (லினஸ் வெளியிடும் அதிகாரபூர்வ கர்னல் மூலத்தில்) இருந்த சீரியல் ட்ரைவர்கள் எல்லாம் ஒரே வீச்சில் அதற்கு மாற்றப்பட்டன. கன்சோலில் அச்சிடும் முறையைப் புதுப்பிக்கும் வேலையின் ஒரு பகுதி அது. போர்ட்டில் புதிய வகைக் கன்சோல் ஓடினால் அந்த உறை ஸ்பின்லாக்கோடு கன்சோலின் உரிமையையும் சேர்த்துப் பிடிக்கும். பழைய ஸ்பின்லாக் வரி 6.12லும் கம்பைல் ஆகும், ஒரு முணுமுணுப்பும் வராது, ஆனால் பிடிக்க வேண்டிய இரண்டில் ஒன்றை மட்டுமே பிடிக்கும். ஆர்எஸ்-485 போர்ட் வேறு, கன்சோல் போர்ட் வேறு என்றால் இன்றைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் ட்ரைவர் கோப்பு ஒன்றுதானே. மேஜையில் டெஸ்ட் செய்யும்போது தெரியாத இந்த மாதிரி ஓட்டைக்கு ஆகும் செலவையும் ஒவ்வொரு வழிக்கும் நேரே எழுதிப் பார்க்க வேண்டும். ரிஜெக்ட் கோப்புகளை மட்டும் எண்ணி, "இரண்டு வாரத்தில் முடித்துவிடலாம்" என்று மேனேஜரிடம் சொல்லிவிடுகிறோம்.

பழைய கர்னலிலேயே இருப்பது

இதைச் சோம்பேறித்தனம் என்று தள்ள மாட்டேன். ஆனால் 'பழையது' என்பதில் இரண்டு விதம் உண்டு. 5.10ல் எப்போதோ எடுத்த ஒரு பதிப்பில் உறைந்து நிற்பது ஒன்று. 5.10 வரிசையிலேயே இருந்துகொண்டு, அதில் வரும் திருத்தங்களை மாதா மாதம் எடுத்துக்கொள்வது இன்னொன்று. பின்னதில் பேட்ச் உடைவது அபூர்வம், ஏனென்றால் அங்கே வருபவை பெரும்பாலும் சின்னச் சின்னப் பிழைத்திருத்தங்கள். ஆடிட் மெயிலைப் பார்த்தவுடன் 6.12 என்று குதிக்கும் முன், 5.10ன் கடைசித் திருத்தத்துக்கு வந்தால் ஆடிட் காட்டிய பாதுகாப்பு ஓட்டைகளின் பட்டியல் எவ்வளவு சுருங்குகிறது என்று பாருங்கள்.

பட்டியல் நீளமாக இருப்பதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. 2024 பிப்ரவரியிலிருந்து கர்னல் குழுவே சிவிஇ எண்களை (பாதுகாப்பு ஓட்டைகளுக்குத் தரும் அடையாள எண்கள்) வழங்குகிறது. பாதுகாப்போடு தொடர்பு இருக்கலாம் என்று தோன்றும் திருத்தம் எல்லாவற்றுக்கும் எண் கிடைக்கிறது. நம் பெட்டியில் இல்லாத வைஃபை சிப்புக்கான ஓட்டையும் ஸ்கேனரின் ரிப்போர்ட்டில் சிவப்பாக நிற்கும். கர்னல் கான்ஃபிகை வைத்துச் சலித்தால் பாதிக்கு மேல் உதிர்ந்துவிடும்.

எத்தனை நாள் இருக்கலாம் என்பதுதான் அடுத்த கேள்வி. 5.10க்கான ஆதரவு 2026 டிசம்பரோடு முடிவதாக அறிவித்திருக்கிறார்கள். எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவுள்ள கர்னல்) என்றால் ஆறு வருஷம் என்ற பழைய கணக்கையும் நம்ப முடியாது. அதை இரண்டு வருஷமாகக் குறைக்கும் முடிவு 2023லேயே வந்துவிட்டது. ஆனால் தொழிற்சாலைப் பொருள் செய்பவர்களுக்கு வேறொரு கதவு இருக்கிறது. லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் நடக்கும் சிவில் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் பிளாட்ஃபார்ம், சுருக்கமாக சிஐபி, தேர்ந்தெடுத்த சில கர்னல்களைக் குறைந்தது 10 வருஷம் பராமரிக்கிறது. 5.10ம் 6.1ம் அந்தப் பட்டியலில் உண்டு. அதில் சேர்ந்திருக்கும் கம்பெனிகள் பயன்படுத்தும் ட்ரைவர்களுக்குத்தான் முழுக் கவனிப்பு என்பது ஒரு குறை. நம் சிப் அதில் வருகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஐரோப்பாவுக்கு விற்பவர்களுக்கு உறைந்து நிற்பது இனி நடக்காது. அங்கே சைபர் ரெசிலியன்ஸ் சட்டம் 2024 டிசம்பரில் அமலுக்கு வந்தது, அதன் முக்கிய விதிகள் 2027 டிசம்பர் 11 முதல் பொருந்தும். பொதுவாகக் குறைந்தது ஐந்து வருஷத்துக்குப் பாதுகாப்புத் திருத்தம் தரும் பொறுப்பு தயாரிப்பாளர் தலையில் விழுகிறது. உள்ளூர் வாடிக்கையாளர் மட்டும் என்றால் அவசரம் குறைவு. பீன்யாவில் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் நடத்தும் மெஷின் ஷாப்பில் கேட்டால், "கர்னலோ கிர்னலோ, ஷிஃப்டுக்கு எத்தன பீஸ்னு ஸ்கிரீன்ல வரணும் தம்பி" என்பார். அவரிடம் போய் 6.12ன் அருமை பெருமையை விளக்க முடியாது.

பேட்ச்களைத் திருத்தி ஏற்றுவது

பெரும்பாலானோர் கடைசியில் வந்து நிற்கும் இடம் இதுதான். இதைச் செய்யும் முறையில்தான் வித்தியாசம்.

சாதாரண பேட்ச் கட்டளையை வைத்துக்கொண்டு போராட வேண்டாம். சுற்றியுள்ள வரிகள் சற்று மாறியிருந்தாலும் அது ஃபஸ் என்று சொல்லிக்கொண்டு ஒட்டிவிடும், சிலசமயம் அதே மாதிரி தெரியும் வேறு ஃபங்ஷனுக்குள். மேலே சொன்ன மூன்றாவது ரகம் பிறக்கும் பெரிய வாசல் அது. பெட்டிக்கான லினக்ஸைக் கட்டித் தரும் யோக்டோவின் பில்டில் ஃபஸ் பற்றி எச்சரிக்கை வந்தால், அதை அணைத்துவிட்டுப் போகாமல் அந்த இடத்தைத் திறந்து பார்ப்பது நல்லது. குவியலை முதலில் 5.10 மேல் கிட் (மாற்றங்களைப் பதிவு செய்யும் கருவி) கமிட்டுகளாக மாற்றி, பிறகு ரீபேஸ் செய்தால், அதாவது புதிய கர்னல்மேல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தால், கிட் ஃபஸ் போடாது. கோப்பு இடம் மாறியதையும் பெரும்பாலும் தானே கண்டுபிடிக்கும். டிவைஸ் ட்ரீ ஃபோல்டர் மாறிய தொல்லை அப்படியே கரைந்துபோகும். மெயின்லைனில் அதே வடிவில் ஏற்கெனவே சேர்ந்துவிட்ட திருத்தம் என்றால் ரீபேஸே அதை உதிர்த்துவிடும்.

5.10லிருந்து 6.12க்கு ஒரே தாவலா, 5.15, 6.1, 6.6 என்று படிப்படியாகவா? நான் படிப்படி கட்சி. ஒரே தாவலில் ஒரு கான்ஃப்ளிக்டுக்குப் பின்னால் ஏழெட்டு மாற்றங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும், எது நம்மை இடித்தது என்று தெரியாது. படிப்படியாகப் போனால் ஒவ்வொரு படியிலும் இடித்த கமிட்டைத் தனியாகப் பிடிக்கலாம். பிடித்ததும் அதன் செய்தியைப் படியுங்கள். ஒரு ஃபங்ஷனின் வடிவத்தை மாற்றுபவர் மெயின்லைனில் அதை அழைக்கும் எல்லா இடத்தையும் தானே திருத்த வேண்டும் என்பது அங்கே உள்ள விதி. ஆகவே நம் பேட்சுக்கு வேண்டிய விடை, பக்கத்து ட்ரைவரில் செய்த திருத்தமாக அங்கேயே இருக்கும். பல கமிட்டுகளில் அந்த மாற்றத்தைத் தானாகச் செய்த காக்சினெல் ஸ்கிரிப்டும் கூடவே இருக்கும். அதை நம் கோப்புமேல் ஓட்டினால் வேலை முடிந்தது.

அப்புறம் கிட் ரேஞ்ச்-டிஃப். பழைய வரிசையையும் புதிய வரிசையையும் பேட்சுக்குப் பேட்ச் பக்கத்தில் வைத்துக் காட்டும். எந்த பேட்ச் ஒரு வரியும் மாறாமல் வந்ததோ, அதைத்தான் இரண்டாம் முறை படிக்க வேண்டும். மாறியதை ஏற்கெனவே ஒருவர் கை வைத்து யோசித்திருப்பார், மாறாததை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பேட்ச் தொடும் ஃபங்ஷனுக்கு இரண்டு பதிப்புக்கும் இடையில் வந்த கமிட்டுகளைப் பட்டியல் எடுத்து, லாக் என்ற சொல் வரும் இடத்திலெல்லாம் நின்று படிக்கலாம். அலுப்பான வேலைதான். ஸ்பின்லாக் மாதிரி ஓட்டைகளைப் பிடிக்க எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

இந்த வழியின் செலவு முடிவதே இல்லை. அடுத்த எல்டிஎஸ் வரும்போது மறுபடி இதே வேலை. பேட்ச் பத்துக்குள் இருந்தால் இரண்டு பேர் சமாளிக்கலாம். முப்பதைத் தாண்டினால் குழுவில் ஒருவர் அதற்கென்றே ஆகிவிடுவார், அவர் வேலை மாறும் நாளில் எல்லாம் மறுபடி பூஜ்யம்.

மாட்யூலாகப் பிரிப்பது

டெல் கம்பெனியில் 2003 வாக்கில் பிறந்தது டிகேஎம்எஸ். ட்ரைவரின் மூலத்தை மெஷினிலேயே வைத்துக்கொண்டு, புதிய கர்னல் வரும்போதெல்லாம் அங்கேயே கம்பைல் செய்துகொள்ளும். கர்னலின் உள்ளே கை வைக்கும் பேட்சுக்கு இது உதவாது, தனியாக நிற்கக்கூடிய ட்ரைவருக்கு மட்டும்தான்.

அப்டேட் நம் கையில் இருக்கும் கேட்வேக்கு இது தேவையே இல்லை. கர்னலை நாமேதான் பில்ட் செய்கிறோம், மாட்யூலையும் கூடவே பில்ட் செய்து அனுப்பிவிடலாம். டிகேஎம்எஸ் ஜெயிப்பது, கணினி வாடிக்கையாளருடையது, நம்முடையது உள்ளே செருகிய கார்டு மட்டும் என்ற இடத்தில். அங்கேதான் ஆபத்தும் இருக்கிறது. உபுண்டு 22.04 டெஸ்க்டாப் 5.15ல் தொடங்கியது, ஆனால் அதன் எச்டபிள்யூஇ வரிசை (புதிய ஹார்டுவேருக்காகக் கர்னலை ஏற்றிக்கொண்டே போவது) 6.8 வரை ஏறிவிட்டது. ராத்திரி தானாக அப்டேட் ஆகி, புதிய கர்னல் நல்லபடியாக ஏறி, நம் மாட்யூல் மட்டும் கம்பைல் ஆகாமல் போனால், காலை ஷிஃப்டில் கணினி ஜம்மென்று பூட் ஆகும். கார்டுதான் இருக்காது. கர்னல் பேக்கேஜுக்கு ஹோல்ட் போட்டு வைப்பதும், நாமே சோதித்த பதிப்பை மட்டும் திறந்துவிடுவதும் இங்கே கட்டாயம்.

இரண்டு பொறிகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒன்று, பதிப்பு எண்ணைப் பார்த்துக் கிளை பிரிக்கும் பழக்கம். ரெட்ஹாட்டின் எட்டாம் பதிப்பு தன்னை 4.18 என்று சொல்லிக்கொள்ளும், ஆனால் பின்னால் வந்த எத்தனையோ மாற்றங்கள் அதற்குள் கொண்டுவரப்பட்டிருக்கும். எண்ணை நம்பி எழுதிய மாட்யூல் அங்கே உடையும். இரண்டாவது செக்யூர் பூட், கையெழுத்துள்ள மென்பொருளை மட்டும் ஓடவிடும் ஏற்பாடு. மாட்யூலுக்குக் கையெழுத்துப் போட்ட சாவியைப் பதிவு செய்ய, ரீபூட்டின்போது வரும் நீலத் திரையில் ஒரு ஆள் உட்கார்ந்து பாஸ்வேர்டு தட்ட வேண்டும். பீன்யா என்றால் மெட்ரோ பிடித்துப் போய்விடலாம், புனேயில் இருக்கும் பெட்டிக்கு முன்னால் யாரை உட்கார வைப்பது?

ரெட்ஹாட் மாதிரி விநியோகங்கள், ஒரு குறிப்பிட்ட பட்டியலில் உள்ள கர்னல் சிம்பல்களை ஒரு பெரிய பதிப்பின் ஆயுள் முழுக்க மாற்றமாட்டோம் என்று வாக்குத் தருகின்றன. நம் மாட்யூல் அந்தப் பட்டியலுக்குள் அடங்கினால் நிம்மதி. சர்வரில் ஓடும் பொருளுக்கு நல்ல வழி, சின்ன ஏஆர்எம் பெட்டிக்கு அநேகமாகப் பொருந்தாது.

லைவ் பேட்சிங் போதாதா என்று கேட்பவர்களும் உண்டு. அது 4.0 முதல் கர்னலில் இருக்கும் வசதி, ரீபூட் செய்ய முடியாத சர்வரில் ஒரு ஃபங்ஷனை ஓட்டத்திலேயே மாற்றுவதற்கு. நம் பிரச்சினைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கர்னலுக்கு வெளியே கொண்டுபோவது

கர்னல் வாக்குக் கொடுத்திருப்பது வெளியே ஓடும் நிரல்களுக்குத்தான் என்றால், நாமும் வெளியே போய்விடுவது புத்திசாலித்தனம் இல்லையா? பல பேட்சுக்கு ஆமாம். ஏடிசியைப் படிக்கச் சொந்த ட்ரைவர் எழுதியிருந்தால், அதே சிப்புக்கு ஐஐஓ அடுக்கில் (கர்னலில் ஏடிசி, சென்சார்களுக்கான பகுதி) மெயின்லைன் ட்ரைவர் வந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டால் எஸ்பிஐடெவ் வழியாக வெளியிலிருந்தே படிக்கலாம். எஃப்பிஜிஏ கார்டு என்றால், வெளியிலிருந்தே ஹார்டுவேரைத் தொட யுஐஓ, விஎஃப்ஐஓ இருக்கின்றன. ஷெட்யூலரில் (எந்த நிரல் எப்போது ஓடும் என்று முடிவு செய்யும் பகுதியில்) கை வைத்த பேட்ச் வைத்திருப்பவர்களுக்கு 6.12ல் வந்த 'ஷெட்-எக்ஸ்ட்' ஒரு வரப்பிரசாதம். ஷெட்யூலர் கொள்கையை பிபிஎஃப் (அந்தப் பையன் சொன்ன ஈபிபிஎஃப்தான்) நிரலாக எழுதி ஏற்றலாம். பிபிஎஃப்பில் இந்தப் பகுதிக்கு மட்டும் பழைய வாக்கு முழுதாகப் பொருந்தாது, உள்முகம் மாறலாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நேரம் இறுக்கமான வேலைக்கு இது ஓரளவுக்குத்தான் தாங்கும். ஆர்எஸ்-485 கணக்கையே போட்டுப் பார்ப்போம். 9600 வேகத்தில் பேரிட்டியோடு ஒரு எழுத்துக்கு 11 பிட், அதாவது சுமார் 1.15 மில்லிசெகண்ட். மாட்பஸ் விதிப்படி இரண்டு செய்திகளுக்கு நடுவில் மூன்றரை எழுத்து மௌனம், சுமார் 4 மில்லிசெகண்ட். அதற்குள் வெளியே ஓடும் நிரல் லைனை விட்டுவிட்டால் போதும், ஆர்டி (நிகழ்நேர) கர்னலில் அது நடக்கும். 115200 என்றால் ஒரு எழுத்து 100 மைக்ரோசெகண்டுக்கும் குறைவு. 19200க்கு மேல் அந்த மௌனத்தை 1.75 மில்லிசெகண்ட் என்று நிலையாக வைக்கச் சொல்கிறது விதி. அதையும் எல்லா மீட்டரும் மதிப்பதில்லை. அந்த வேகத்தில் இந்த வேலையை நான் கர்னலுக்கு வெளியே விடமாட்டேன்.

ஆனால் அந்த பேட்ச் தேவைதானா என்று யாராவது கேட்டார்களா? 8250 என்ற சீரியல் சிப் குடும்பத்தின் ட்ரைவரில் மென்பொருள் வழியாக ஆர்டிஎஸ்ஸை ஏற்றி இறக்கும் வசதி 4.6லேயே, 2016ல், வந்துவிட்டது. அனுப்பும் முன்னும் பின்னும் எவ்வளவு தாமதம் என்று டிவைஸ் ட்ரீயிலேயே எழுதலாம். நிரலிலிருந்து ஐஆக்டில் என்ற கர்னல் அழைப்பு ஒன்றைப் போட்டும் சொல்லலாம். பழைய போர்டுக்காக 3.x காலத்தில் எழுதிய பேட்சை, தேவை போன பிறகும் தோளில் தூக்கிக்கொண்டு கர்னல் கர்னலாக நடக்கும் குழுக்கள் இந்த ஊரில் உண்டு.

மெயின்லைனுக்கே அனுப்புவது

கேட்டவுடன், "அதெல்லாம் பெரிய கம்பெனிக்காரன் வேலை" என்பார்கள். நிகழ்நேர லினக்ஸுக்கான ஆர்டி பேட்ச் தொகுப்பின் கதையைக் காட்டிப் பயமுறுத்துவதும் உண்டு. கிட்டத்தட்ட இருபது வருஷம் வெளியே இருந்து, 2024 செப்டம்பரில், அந்த வேலையை வழிநடத்திய தாமஸ் க்ளைக்ஸ்னர் வியன்னாவில் தங்க நிறத் தாளில் சுற்றி லினஸ் கையில் கொடுத்த பிறகுதான் 6.12க்குள் வந்தது. அது கர்னலின் அடிமடியையே மாற்றிய வேலை. ஒரு ஏடிசி ட்ரைவரில் இரண்டு வரித் திருத்தம் என்றால், விளக்கம் சரியாக இருந்தால், ஒன்றிரண்டு கர்னல் சுற்றுக்குள் சேர்ந்துவிடும்.

உள்ளே போய்விட்டால் கிடைக்கும் லாபம் பெரிது. 6.7ல் லாக் மாறியபோது மெயின்லைன் ட்ரைவர்களை மாற்றியது அந்த மாற்றத்தைக் கொண்டுவந்தவர்களே. நம் வரிகளும் உள்ளே இருந்திருந்தால் நமக்கும் சேர்த்து அவர்களே செய்திருப்பார்கள். 'ஐபி (நம் அறிவுச்சொத்து) போய்விடும்' என்று மேனேஜர் தயங்கினால் நினைவூட்டுங்கள்: கர்னல் ஜிபிஎல் உரிமத்தின் இரண்டாம் பதிப்பின் கீழ் வருகிறது. பெட்டியை விற்கும்போதே, கேட்கும் வாடிக்கையாளருக்கு மாற்றிய மூலத்தைத் தரக் கடமைப்பட்டிருக்கிறோம். பேட்சின் அடியில் உங்கள் பெயரோடு வரும் கையொப்ப வரி போட கம்பெனியின் எழுத்துபூர்வ அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள், பிறகு தலைவலி வராது.

இந்த வழியில் போகாத பேட்ச்களும் உண்டு. வாடிக்கையாளர் ஒருவரின் வினோதத் தேவைக்காக மெயின்லைன் பழக்கத்துக்கு எதிராகச் செய்தது, சிப் கம்பெனி தன் போர்டுக்கென்று தரும் பிஎஸ்பி கர்னலில் மட்டும் இருக்கும் ட்ரைவரைத் தொடுவது. அவற்றை அனுப்பி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

குவியலைப் பிரித்தால்

நம் கேட்வேயில் 6.12 என்று முடிவானால் என் கணக்கு இப்படிப் போகும். ஆர்டி பேட்ச், போர்டு 64 பிட் என்றால் குப்பைக்கு, மெயின்லைனிலேயே இருக்கிறது. 32 பிட் ஏஆர்எம் என்றால் 6.12ல் அதற்கு ஆதரவு இல்லை, வெளியே வரும் ஆர்டி தொகுப்பை எடுத்தே ஆக வேண்டும். ஆர்எஸ்-485 பேட்சைத் தூக்கிவிட்டு டிவைஸ் ட்ரீ வரிகள், மீதி நேரத்தில் ஆஸிலோஸ்கோப்பில் ஆர்டிஎஸ் இறங்கும் இடத்தைப் பார்ப்பது. ஏடிசி ஐஐஓவுக்கு. மெயின்லைனில் சேர்ந்துவிட்ட பழைய திருத்தங்கள் ரீபேஸில் உதிரும். டிவைஸ் ட்ரீ பேட்ச்களை ஒரே போர்டுக் கோப்பாக்கினால் கான்ஃப்ளிக்டே வராது. கடைசியில் கையில் நிற்பது ஐந்தாறு. அவற்றில் ஒன்றிரண்டை மெயின்லைனுக்கு அனுப்பலாம், மற்றவற்றை எல்டிஎஸ் மாறும்போது மட்டும் ரீபேஸ் செய்யலாம். ஒவ்வொன்றின் கமிட் செய்தியிலும் எந்தப் போர்டுக்கு, என்ன கோளாறுக்கு, எது நடந்தால் தூக்கிவிடலாம் என்று மூன்று வரி.

வெளியிடும் முன் மாட்பஸ் போக்குவரத்தை முழு வேகத்தில் விட்டு, கூடவே கன்சோலில் கர்னல் செய்திகளைக் கொட்டவிட்டு, சிஆர்சி எரர் (செய்தி சிதைந்து வந்ததற்கான அடையாளம்) எண்ணிக்கையை ஒரு வாரக் கடைசி முழுக்கப் பார்க்கலாம். வெள்ளிக்கிழமை ராத்திரி மடிவாளாவில் சேலம், கோவை பஸ் ஏறப் போகிறவர்கள் அந்த டெஸ்டைத்தான் ஓட விட்டுப் போக வேண்டும், ரிலீஸை இல்லை.

இருப்பது இரண்டு பேர், போர்டு 32 பிட், வாடிக்கையாளர்கள் எல்லாம் உள்ளூர் என்றால் இவ்வளவும் வேண்டாம். 5.10ன் சிஐபி வரிசைக்கு மாறி, மாதத் திருத்தங்களை எடுத்துக்கொண்டு இருங்கள். 6.12ஐ அடுத்த ஹார்டுவேரில் பேட்ச் ஃபோல்டர் காலியாக இருக்கும்போதே தொடங்குங்கள்.